ஸ்டீவ் ஜாப்ஸ்: எட்டா, நான்கா?

1981ஆம் ஆண்டு. கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் குழு இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தது. கணினிக்குள் பொருத்த வேண்டிய மின்சுற்றுப் பலகையின் வரைபடத்தைப் பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ் முகம் சுளித்தார். மெமரி சிப்புகள் இருக்கும் பகுதியில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு அசிங்கமாக இருக்கின்றன, மாற்றுங்கள் என்றார். வேலை செய்தால் போதாதா, பெட்டிக்குள் கிடக்கும் பலகையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு பொறியாளர் கேட்டார். நான் பார்ப்பேன் என்பதுதான் ஜாப்ஸின் பதில். நல்ல தச்சன் அலமாரியின் முதுகுக்கு மட்டமான பலகையை அடிக்கமாட்டான் என்றும் சொன்னார். அவர் விருப்பப்படியே ஐயாயிரம் டாலர் செலவழித்து ஒரு பலகை செய்தார்கள். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள்.

1982 பிப்ரவரியில் அதே குழுவினர் எல்லோரையும் ஒரு பெரிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார் ஜாப்ஸ். கடைசி ஆளாகத் தானும் போட்டார். அந்தக் கையெழுத்துகள் மெக்கின்டாஷ் பெட்டியின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டன. அந்தப் பெட்டியையோ வாங்கியவர் யாரும் சாதாரணத் திருப்புளியால் திறக்க முடியாது. தங்கள் பெயர்கள் உள்ளே இருப்பது உருவாக்கியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தார் ஜாப்ஸ்.

அதே ஜாப்ஸ்தான் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பொறியாளரின் பல மாத உழைப்பைக் குப்பை என்று சொன்னவர். நம்பர் பிளேட் இல்லாத காரை ஓட்டிக்கொண்டு வந்து மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் நிறுத்தியவர். பெற்ற மகளைத் தன் மகளே இல்லை என்று நீதிமன்றம் வரை போய்ச் சாதித்தவர். 2011 அக்டோபர் 5 அன்று அவர் இறந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், இந்த இரண்டு ஜாப்ஸையும் ஒரே ஆளாகப் புரிந்துகொள்ளும் முயற்சி நிற்கவில்லை. அந்த முயற்சிகளில் ஒன்று எனியாகிராம். மனித சுபாவத்தை ஒன்பதாக வகுத்துப் பார்க்கும் இந்த முறையை அறிந்தவர்கள் கூடும் இடங்களில் ஜாப்ஸின் பெயர் தவறாமல் வருகிறது. ஒருவர் அவரை எட்டு என்கிறார், இன்னொருவர் ஏழு, மற்றொருவர் ஒன்று, வேறொருவர் நான்கு. இந்தச் சண்டையில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அரிக்காவிலிருந்து பெர்க்லிக்கு

வட்டம், அதன் விளிம்பில் ஒன்பது புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் கோடுகள். எனியாகிராம் என்ற உருவம் அவ்வளவுதான். மூன்று, ஆறு, ஒன்பது சேர்ந்து ஒரு முக்கோணம். மற்ற ஆறு புள்ளிகளும் ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு என்ற வரிசையில் இணைகின்றன. ஒன்றை ஏழால் வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பின்னால் திரும்பத் திரும்ப வருகிற எண்கள் அவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் இந்த உருவத்தைத் தன் சீடர்களுக்குக் காட்டியவர் ஜார்ஜ் குர்ஜீஃப். ஆனால் அவர் அதை மனித சுபாவங்களின் பட்டியலாகப் பயன்படுத்தவில்லை.

ஒன்பது புள்ளிகளில் ஒன்பது வகை மனிதர்களை உட்கார வைத்தவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாஸோ. சிலி நாட்டின் வடகோடியில், பாலைவனமும் கடலும் சேரும் அரிக்கா நகரில் 1970இல் அவர் நடத்திய பயிற்சிக்குச் சென்றவர்களில் கிளாடியோ நரான்ஹோ என்ற மனநல மருத்துவரும் ஒருவர். அங்கே கற்றதை மனநல மருத்துவத்தின் மொழிக்கு மாற்றி, 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார் நரான்ஹோ. அங்கிருந்து இயேசு சபைப் பாதிரியார்கள் வழியாகத் தியான இல்லங்களுக்கும், 1980களின் இறுதியில் டான் ரிசோ, ஹெலன் பால்மர் ஆகியோரின் புத்தகங்கள் வழியாகப் புத்தகக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பால்மர் மீது இச்சாஸோவின் அரிக்கா நிறுவனம் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. ஒன்பது வகைகளும் தான் கற்பனை செய்தவை அல்ல, கண்டறிந்த உண்மைகள் என்று இச்சாஸோ ஏற்கெனவே சொல்லியிருந்ததால், உண்மைகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரிக்கா நிறுவனத்தின் வாதத்தைத் தள்ளிவிட்டது. ஒன்பது வகைகள் உண்மைதானா என்பதை அந்த நீதிமன்றம் விசாரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

ஜாப்ஸ் வளர்ந்த லாஸ் ஆல்டோஸ், பெர்க்லியிலிருந்து காரில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேர தூரம். நரான்ஹோவின் குழு கூடிய அதே ஆண்டுகளில்தான் ஜாப்ஸ் பள்ளியை முடித்து, 1972இல் ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில் சேர்ந்து, ஆறே மாதத்தில் படிப்பை விட்டார். சிறு வயதுக் காயங்களைக் கத்தி அழுது வெளியேற்றும் ஒரு சிகிச்சைக்குப் போனார். 1974இல் இந்தியாவுக்கு வந்து, நைனிடால் அருகே கைஞ்சியில் நீம் கரோலி பாபாவைத் தேடினார். பாபா முந்தைய ஆண்டே சமாதியாகியிருந்தார். மொட்டைத் தலையோடு திரும்பிய ஜாப்ஸ், கோபுன் சினோ என்ற ஜென் குருவிடம் அமர்ந்தார். தன்னைத் தானே தோண்டிப் பார்க்கத் துடித்த அந்தக் கலிஃபோர்னியாதான் இந்த மனிதருக்கும் இந்த முறைக்கும் பொதுவான மண். அவர் மீது இதைப் பொருத்திப் பார்ப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்கையைப் பார்க்காதே, காரணத்தைக் கேள்

நம்மூரில் இதைக் கேட்பவர் முதலில் ராசிபலன் போலவா என்பார். எனியாகிராமுக்குப் பிறந்த தேதி தேவையில்லை. ஒருவர் என்ன செய்கிறார் என்பதும் அதற்கு இரண்டாம்பட்சம். எதற்குப் பயந்து, எதை வேண்டி அதைச் செய்கிறார் என்பதே கேள்வி. காலை நான்கு மணிக்கு எழுந்து வேலை பார்க்கும் இரண்டு பேர் இரண்டு வகையாக இருக்கலாம். ஒருவர் கடமை தவறினால் கெட்டவனாகிவிடுவேன் என்று எழுந்திருப்பார். இன்னொருவர் தோற்றுப்போனால் நான் ஒன்றுமே இல்லை என்று எழுந்திருப்பார். முன்னவர் ஒன்று, பின்னவர் மூன்று.

மற்ற வகைகளையும் வேகமாகச் சொல்லிவிடலாம். இரண்டு, பிறருக்குத் தேவைப்படுகிறவராக இருந்தால்தான் அன்பு கிடைக்கும் என்று நம்புபவர். நான்கு, எல்லோரிடமும் இருக்கிற ஏதோ ஒன்று தன்னிடம் இல்லை என்ற ஏக்கத்தோடு, தனக்கென்று ஒரு தனித்துவத்தைத் தேடுபவர். ஐந்து, உலகம் தன்னை உறிஞ்சிவிடும் என்று அறிவுக்குள் ஒதுங்குபவர். ஆறு, ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துப் பிடிமானம் தேடுபவர். ஏழு, வலியில் சிக்கிக்கொள்ளாமல் அடுத்த வாய்ப்புக்குத் தாவுபவர். எட்டு, யாருக்கும் அடங்காமல், தன் பலவீனத்தை யாருக்கும் காட்டாமல் நிற்பவர். ஒன்பது, மோதலைத் தவிர்க்கத் தன்னையே மறந்துபோகிறவர். பக்கத்து எண்ணின் சாயல் ஒருவரில் கலந்திருக்கும். கோடுகளின் அம்புகள் காட்டும் திசையில் நெருக்கடியிலும் வளர்ச்சியிலும் வேறொரு எண்ணின் குணத்தை எடுத்துக்கொள்வார். அடிப்படைச் சட்டம் இவ்வளவுதான்.

ஒருவரது எண்ணை அவரே தன்னைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இந்த முறையைச் சொல்லிக்கொடுப்பவர்களின் விதி. இறந்தவரைக் கேட்க முடியாது. ஆனால் ஜாப்ஸ் தன்னைப் பற்றி நிறையப் பேசிவிட்டுப் போனவர். தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்ஸனுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பேட்டி கொடுத்திருக்கிறார். 2005 ஜூனில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தன் வாழ்க்கையை மூன்று கதைகளாகச் சொன்னார். மகள் லிசா 2018இல் ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார். கூட வேலை பார்த்தவர்களும் எழுதினார்கள். தூரத்திலிருந்து பார்க்க இவ்வளவு சாட்சியம் கிடைக்கும் தொழிலதிபர்கள் அபூர்வம்.

எட்டு என்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

எட்டு என்ற முடிவுக்கு வருவது எளிது. கத்துகிறார், மிரட்டுகிறார், வேலையை விட்டுத் தூக்குகிறார், விதிகளை மதிப்பதில்லை. முடியாது என்று சொன்னவரை முடியும் என்று நம்ப வைத்துவிடுகிறார். அவரைச் சுற்றி யதார்த்தமே வளைந்துவிடுகிறது என்று பட் டிரிபிள் என்ற சகா 1981இலேயே சொன்னார். அலுவலகக் கட்டடத்தின் மேல் கடற்கொள்ளையர் கொடி பறந்தது. தலைவன், போராளி, எதிர்ப்பாளன் என்ற எல்லா அடையாளங்களும் பொருந்துவதாகத் தெரிகிறது.

ஆனால் எட்டாம் வகையின் மையம் கத்துவது அல்ல. தன் பலவீனத்தை எதிராளிக்குக் காட்டாமல் இருப்பதுதான் அதன் மையம். ஜாப்ஸோ அழுதார். ஒரு முறை இரு முறை அல்ல, தொழில் வாழ்க்கை முழுவதும், கூட்டங்களில், சண்டைகளில், எல்லோர் முன்னாலும் அழுதார். ஆப்பிளில் ஊழியர்களுக்கு எண் கொடுத்தபோது அன்றைய தலைமை நிர்வாகி மைக் ஸ்காட், ஜாப்ஸோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கு ஒன்றாம் எண்ணையும் ஜாப்ஸுக்கு இரண்டாம் எண்ணையும் கொடுத்தார். ஜாப்ஸ் சண்டை போட்டார், அழுதார். கடைசியில் பூஜ்யம் எழுதிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். சம்பளப் பட்டியலில் இரண்டாகவே இருந்தார்.

இந்த ஒரு சம்பவத்தில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். எட்டாக இருந்தால் ஸ்காட்டையே ஓரங்கட்டியிருப்பார், இல்லாவிட்டால் அட்டையில் என்ன எண் இருந்தால் என்ன, கம்பெனி யார் கையில் என்பதே முக்கியம் என்று போயிருப்பார். மூன்றாக இருந்தால் ஒன்றாம் எண்ணுக்காகப் பேரம் பேசியிருப்பார். ஒன்று கிடைக்காதபோது வரிசைக்கு வெளியே, யாருக்கும் இல்லாத ஓர் எண்ணைக் கேட்பது வேறு மாதிரி மனம். எனக்கு முதலிடம் இல்லையென்றால் உங்கள் வரிசையே எனக்கு வேண்டாம், என்னை வேறு கணக்கில் வையுங்கள் என்கிறது அது. அந்தக் கண்ணீருக்குப் பின்னால் இருப்பது எனியாகிராம் நான்காம் வகையோடு சேர்த்துச் சொல்லும் பொறாமை. பக்கத்து வீட்டுக்காரன் காரைப் பார்த்து வரும் பொறாமை வேறு. இது, மற்றவனுக்கு இயல்பாகக் கிடைத்த இடம் எனக்கு மட்டும் ஏன் இல்லை என்ற பழைய வலி.

1985இல் ஆப்பிளின் அன்றைய தலைமை நிர்வாகி ஜான் ஸ்கல்லியும் இயக்குநர் குழுவும் அவரை ஓரங்கட்டியபோதும் அப்படித்தான். ஆட்சியைப் பிடிக்கத் திட்டம் போட்டவர், அது தோற்றதும் எதிராளிகளின் முன்னாலேயே உடைந்து அழுதார். ஸ்கல்லி துரோகம் செய்துவிட்டார் என்ற மனக்கசப்பு கடைசி வரை அவரிடம் இருந்தது.

ஏழும் ஒன்றும் மூன்றும்

ஏழு என்பவர்கள் அவர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியதைக் காட்டுகிறார்கள். கணினி, அனிமேஷன் படம், இசை, கைபேசி. ஆனால் ஏழாம் வகை எந்தக் கதவையும் மூட விரும்பாது. ஜாப்ஸ் 1997இல் ஆப்பிளுக்குத் திரும்பியதும் செய்த முதல் பெரிய காரியம் கதவுகளை மூடியது. வெள்ளைப் பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்து, சாதாரண மக்களுக்கு இரண்டு, தொழில்முறையாளர்களுக்கு இரண்டு, இரு பிரிவிலும் மேசைக்கு ஒன்று, கையில் எடுத்துப்போக ஒன்று என்று நான்கே பொருள்கள் போதும் என்றார். எழுபது சதவீதப் பொருள்கள் நிறுத்தப்பட்டன. அடுத்து அடுத்து என்று ஓடுகிறவரின் கை அதைச் செய்யாது.

ஒன்று என்பதற்குக் கொஞ்சம் வலுவான வாதம் உண்டு. துல்லியம், விடாப்பிடி, குறைகாணும் கண் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒன்றாம் வகை விதியை மதிக்கும், மீறினால் குற்றவுணர்வில் வேகும். ஜாப்ஸுக்கு அந்தக் குற்றவுணர்வின் சுவடே தெரியவில்லை. 1970களில் அட்டாரி நிறுவனத்துக்காக ஒரு விளையாட்டை வாஸ்னியாக் நான்கே நாளில் வடிவமைத்துக் கொடுத்தபோது, கிடைத்த ஊக்கத்தொகையை நண்பனிடம் மறைத்துவிட்டார் என்பது வாஸ்னியாக் பின்னாளில் வருத்தத்தோடு சொன்ன செய்தி. ஜாப்ஸின் பார்வையில் ஒரு பொருளுக்கு இரண்டே நிலைகள், அற்புதம் அல்லது குப்பை. அது நீதிபதியின் தீர்ப்பைவிட ரசிகனின் தீர்ப்புக்கு நெருக்கமானது. சரியா என்று கேட்பவர் ஒன்று. அழகா, என்னுடையதாக இருக்கத் தகுதியானதா என்று கேட்பவர் ஜாப்ஸ். பல வருடம் அவர் வீட்டில் மேசை நாற்காலி இல்லை. பிடித்தது கிடைக்கவில்லை என்று தரையில் உட்கார்ந்திருந்தார். வாஷிங் மெஷின் வாங்கக் குடும்பத்தோடு வாரக்கணக்கில் இரவுச் சாப்பாட்டின்போது விவாதித்ததாக அவரே 1996இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

மூன்றின் சாயல் அவரிடம் நிச்சயம் உண்டு. அந்த மேடை, அந்த ஒத்திகை, ஆடை வடிவமைப்பாளர் இசே மியாகே தைத்துக்கொடுத்த கறுப்புச் சட்டை. ஆனால் மூன்றாம் வகை தோல்வியைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடும், சந்தை வேறு பக்கம் போனால் தானும் திரும்பிவிடும். நெக்ஸ்ட் நிறுவனத்தில் ஜாப்ஸ் திரும்பவில்லை. 1985இல் ஆப்பிளை விட்டு வந்ததும் தொடங்கிய நிறுவனம் அது. சின்னம் வரைய வடிவமைப்பாளர் பால் ராண்டுக்கு ஒரு லட்சம் டாலர். கணினி சரியான கனசதுரமாக இருக்க வேண்டும், ஓரங்கள் மிகச்சரியாகத் தொண்ணூறு பாகையில் சேர வேண்டும் என்றார். தொழிற்சாலைச் சுவர்கள் வெள்ளையாக இருக்க வேண்டும், எந்திரங்களின் வண்ணமும் தான் சொன்னபடி இருக்க வேண்டும் என்றார். பல்கலைக்கழகங்கள் இரண்டாயிரம், மூவாயிரம் டாலருக்குக் கேட்ட கணினி 1988 அக்டோபரில் 6,500 டாலர் விலையோடு மேடையேறியது. விற்கவில்லை. 1993இல் கணினித் தயாரிப்பையே நிறுத்தினார்கள். சந்தையின் கைத்தட்டலுக்காக வாழ்கிற மனிதர் இத்தனை வருடம் இத்தனை பிடிவாதமாகத் தோற்கமாட்டார்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை

1955 பிப்ரவரி 24 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த குழந்தையை அதன் தாய் தத்துக் கொடுத்தார். தாய் ஜோன் ஷீபிள், தந்தை சிரியாவிலிருந்து படிக்க வந்த அப்துல்பத்தா ஜந்தாலி. எடுத்து வளர்த்தவர்கள் பால், கிளாரா ஜாப்ஸ் தம்பதி. பால் மெக்கானிக், கல்லூரி வாசல் மிதிக்காதவர். பிள்ளையைக் கட்டாயம் கல்லூரிக்கு அனுப்புவோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே ஜோன் கையெழுத்துப் போட்டார். வேலியோ அலமாரியோ செய்தால், யாரும் பார்க்காத பின்பக்கத்தையும் நன்றாகச் செய்யவேண்டும் என்று மகனுக்குக் கற்றுக்கொடுத்தவர் பால்தான்.

ஆறேழு வயதில் எதிர்வீட்டுச் சிறுமியிடம் தான் தத்துப்பிள்ளை என்று ஸ்டீவ் சொன்னான். அப்படியென்றால் உன்னைப் பெற்றவர்களுக்கு நீ வேண்டாமா என்று அவள் கேட்டாள். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். பாலும் கிளாராவும் அவனை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, நாங்கள் உன்னைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார்கள். இதை ஜாப்ஸ் ஐசக்ஸனிடம் சொன்னபோது, தான் கைவிடப்பட்டவன் என்று ஒருபோதும் உணர்ந்ததில்லை, விசேஷமானவன் என்றே உணர்ந்திருக்கிறேன் என்றார். மெக்கின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் கைவிடப்படலே எல்லாவற்றுக்கும் சாவி என்றார்கள்.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை என்பது என் எண்ணம். நான்காம் வகையின் உள்ளே இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே மூச்சில் இருக்கின்றன. என்னிடம் ஏதோ குறை இருந்ததால்தான் விட்டுவிட்டார்கள், ஆகவே நான் மற்றவர்களைப் போல இல்லை. நான் மற்றவர்களைப் போல இல்லை, ஆகவே நான் விசேஷமானவன். முதல் பாதி தாங்க முடியாதது, அதை இரண்டாம் பாதி மூடிவைக்கிறது. மூடிவைத்த இடத்தை யாராவது தொட்டால் சீற்றம் வருகிறது. பிறர் வேலையைப் பார்த்து அவர் பொழிந்த வசையில் நான் கேட்பது அதிகாரத்தின் குரலை அல்ல. சாதாரணமாக இருந்துவிடுவோமோ என்ற பயத்தின் குரல் அது.

இதற்கு அவர் வாழ்க்கையிலேயே கடினமான சாட்சி லிசா. 1978 மே மாதம் குழந்தை பிறந்தபோது ஜாப்ஸுக்கு வயது 23. அவரைப் பெற்றவர்களுக்கும் அவர் பிறந்தபோது அதே வயது. மகள் இல்லை என்றார். மரபணுச் சோதனை 94 சதவீதத்துக்கு மேல் அவரே தந்தை என்று சொன்ன பிறகும் மழுப்பினார். மாதம் 385 டாலர் ஜீவனாம்சத்தை 500ஆக உயர்த்திக் கொடுத்து வழக்கு 1980 டிசம்பர் 8 அன்று முடிந்தது. நான்கு நாள் கழித்து ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வந்து, அவர் கையில் இருபது கோடி டாலருக்கு மேல் சொத்து சேர்ந்தது. அதே காலத்தில் ஆப்பிளில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு கணினிக்கு லிசா என்று பெயர். மகளின் பெயர்தானா என்று கேட்டவர்களிடம் பல ஆண்டுகள் மறுத்தார். பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

மறுத்த பிள்ளையின் பெயரைத் தன் உழைப்பின் மீது எழுதிய ஒருவரை எட்டு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எட்டு, தன்னுடையவர்களை அணைத்துக் காக்கும், எதிரிகளை அடிக்கும். இது இரண்டும் இல்லை. நேரில் தாங்க முடியாத உணர்ச்சியைக் கைவேலைக்குள் ஏற்றிவிடுகிறவரின் செயல் இது. சொந்தத் தந்தையிடமும் அப்படித்தான் நடந்துகொண்டார். 1980களில் பெற்ற தாயையும், எழுத்தாளரான தங்கை மோனா சிம்சனையும் கண்டுபிடித்து உறவாடியவர், ஜந்தாலியைச் சந்திக்க மட்டும் சம்மதிக்கவில்லை. ஜந்தாலி ஒரு காலத்தில் நடத்திய உணவகத்துக்குத் தான் போயிருந்ததும், அந்த உரிமையாளரோடு கைகுலுக்கியதும் பிறகு நினைவுக்கு வந்தது. அப்போதும் மனம் மாறவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் லிசாவும் அவள் தாயும் பட்டது நியாயமாகிவிடாது. ஒரு எண்ணைச் சொல்லி அதை ஆற்றப் பார்ப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

அம்புகள் சொல்வதும் சொல்லாததும்

எனியாகிராம் முறைப்படி, நான்காம் வகை வளரும்போது ஒன்றாம் வகையின் ஒழுங்கை எடுத்துக்கொள்ளும். உணர்ச்சி வெள்ளத்தில் மிதக்காமல் வேலையைக் கட்டுக்குள் கொண்டுவரும். 1997க்குப் பின் வந்த ஜாப்ஸை இதற்கு உதாரணமாகக் காட்டலாம். அந்த நான்கு கட்டங்கள், ஆப்பிளின் வடிவமைப்பாளர் ஜோனி ஐவோடு வடிவமைப்பு அறையில் தினமும் நடந்த பொறுமையான வேலை, 2001இல் ஐபாட், 2007இல் ஐபோன், 2010இல் ஐபேட். இளம் ஜாப்ஸ் கனவை விற்றார், முதிர்ந்த ஜாப்ஸ் கனவைக் குறித்த தேதிக்குள் கையில் கொடுத்தார். பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தில் கற்ற பாடமும் இதில் உண்டு. 1986இல் ஜார்ஜ் லூகாஸிடமிருந்து வாங்கிய அந்த நிறுவனத்தில் தன்னைவிடத் திறமைசாலிகளான கதைசொல்லிகள் இருப்பதை அவர் உணர்ந்திருந்தார், அவர்களை அவர்கள் போக்கில் வேலை செய்யவிட்டார். 1995இல் டாய் ஸ்டோரி படம் வந்தது.

இது எனக்குப் பிடித்த வாதம். ஆனாலும் இதை நிரூபணமாக வைக்கமாட்டேன். ஒருவர் தன் எண் போல நடந்தால் எண் சரி, வேறு எண் போல நடந்தால் அம்பு சரி என்றால் எந்த முடிவையும் யாரும் பொய்யாக்க முடியாது. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். 2021இல் ஒரு மருத்துவ உளவியல் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, அதுவரை எனியாகிராம் பற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. நம்பகத்தன்மைக்கும் செல்லுபடித்தன்மைக்கும் கலவையான ஆதாரமே கிடைத்தது என்றது. அம்புகள், பக்கத்து எண்ணின் சாயல் போன்ற இரண்டாம் நிலைக் கருத்துகளுக்கு ஆதரவு மிகக் குறைவு. எந்த மருத்துவமனையிலும் இதை நோயறியும் கருவியாக வைத்துக்கொள்ள இடமில்லை.

அவர் நோயையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். 2003 அக்டோபரில் கணையத்தில் கட்டி கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லி எல்லோரும் மன்றாடியும், ஒன்பது மாதம் உணவு முறையையும் மாற்று வைத்தியத்தையும் நம்பியிருந்தார். 2004 ஜூலை இறுதியில்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது. நான்காம் வகையாக இருந்ததால், தனக்குப் பொது விதி பொருந்தாது என்று நம்பினார் என்கிறார்கள். உடம்பைக் கத்தி தொடப் பயப்படாத மனிதர் எந்த எண்ணில் இருக்கிறார்? இந்த இடத்தில் எனியாகிராமைக் கீழே வைத்துவிடுவதே மரியாதை.

சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்

இறந்துபோன ஒருவரின் வகை எதுவானால் நமக்கென்ன என்று கேட்கலாம். எனக்கு இது முக்கியமாகப் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஜாப்ஸை எட்டு என்று படித்தவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது திட்டுவதை. பெரிய காரியம் செய்ய வேண்டுமென்றால் கீழே இருப்பவர்களை நசுக்கத்தான் வேண்டும், ஜாப்ஸ் அப்படித்தான் செய்தார் என்று சொல்லும் முதலாளிகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை பார்த்து இரவில் தூக்கமில்லாமல் புரளும் இளைஞர்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.

வெளித்தோற்றத்தைப் பிரதியெடுப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குக் கலிஃபோர்னியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. எலிசபெத் ஹோம்ஸ் 2003இல் தொடங்கிய தெரனோஸ் நிறுவனம், விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்வதாகச் சொன்னது. ஜாப்ஸ் மேல் பித்துக்கொண்டிருந்தவர் அவர். அதே கறுப்புச் சட்டை, அதே ரகசியக் காப்பு, ஆப்பிளிலிருந்து அழைத்துவந்த ஆட்கள். எந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது, அந்த ஆண்டு நவம்பரில் பதினோரு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஜாப்ஸின் வேகம், மிரட்டல், மேடை எல்லாம் அவரிடம் இருந்தன. யாரும் பார்க்காத உட்பகுதி அசிங்கமாக இருக்கிறது என்று பொறுக்க முடியாமல் தவிக்கும் மனம் இருந்ததாகத் தெரியவில்லை. உட்பகுதி வேலையே செய்யாதபோதும் வெளியே காட்டிக்கொண்டிருக்க அவரால் முடிந்தது.

என் முடிவை மழுப்பாமல் சொல்கிறேன். ஸ்டீவ் ஜாப்ஸ் நான்காம் வகை, மூன்றின் சாயல் கலந்தவர். சாட்சியங்களை எடை போட்டு ஒரு வாசகனாக நான் வந்து சேர்ந்த இடம் இது. நாளை ஒரு கடிதமோ நாட்குறிப்போ வெளிவந்து வேறு மாதிரி காட்டினால் மாற்றிக்கொள்வேன். ஆனால் அவர் திட்டியதால்தான் சாதித்தார் என்ற கதையை மட்டும் எந்தச் சாட்சியமும் தாங்கிப் பிடிக்கவில்லை. அதிகமாகத் திட்டிய முதல் பத்தாண்டு அவரை ஆப்பிளிலிருந்து வெளியே தள்ளியது. நிறுவனத்தை மீட்டெடுத்தவை பிக்ஸாரிலும் நெக்ஸ்டிலும் பட்டுத் தெளிந்த பின்பு வந்த ஆண்டுகள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மனிதவளத் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சி வகுப்பில் ஒருவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இந்த ஒன்பது வகைகள் பயன்படுமானால் பயன்படட்டும். வேலைக்கு ஆள் எடுக்கவும், பதவி உயர்வு கொடுக்கவும், யாரையாவது வேண்டாம் என்று தள்ளவும் இதைத் தொடாதீர்கள். அதற்குத் தேவையான அறிவியல் அடித்தளம் இந்த முறைக்கு இன்னும் இல்லை.